பார்த்துச் சொல்லவே காசு வாங்கும் பட்டறை: மாக் மண்டினில் என் பழைய அரீனா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டறையில் வண்டியை நிறுத்தியதும் 80 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்பார்கள். பழுது எது என்று கண்டுபிடிப்பதற்கு மட்டும் அந்தக் காசு. கூலி தனி, சாமான் தனி. ‘பார்க்கிறதுக்கே காசா’ என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் என்று அங்கே வேலை செய்கிற பையனே சொன்னான். நான் கொடுத்தேன். எஞ்சின் மிஸ் ஆவதும் (மிஸ்ஃபயர், சிலிண்டர் எரியாமல் விக்குவது), யாரோ எதையோ மாற்றிச் சரியாவதும், மறுபடி மிஸ் ஆவதுமாக அலைந்துகொண்டிருந்த எனக்கு, இந்த வண்டிக்காகச் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அந்த 80 வெள்ளிதான். இதே தொல்லையோடு பழைய பிக்கப் ஓட்டுகிற நம் ஆட்கள் எத்தனையோ பேரைச் சந்தைகளில் பார்க்கிறேன், அவர்களுக்காகத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இடம் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த், மாக் மண்டின் தொழிற்பேட்டை. பெயரைப் போடவில்லை. ‘பேரெல்லாம் போடாதே தம்பி, இருக்கிற வண்டியை முடிக்கவே நேரம் இல்லை’ என்று பட்டறைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். இரண்டு வண்டி நிற்கிற அளவு இடம், தகரக் கூரை, மூன்று பேர். பழைய புரோட்டோன் பார்க்கிற தமிழ் போர்மேன் (மெக்கானிக்) எங்கே என்று அந்தப் பக்கத்து டயர் கடையில் கேட்டால் கை காட்டிவிடுவார்கள்.

என் வண்டி புரோட்டோன் அரீனா. 2002-இல் வந்த மாடல், புரோட்டோன் வீரா காரை அடிப்படையாக வைத்துப் பின்னால் தொட்டி கட்டியது. ஆஸ்திரேலியாவில் இதையே ஜம்பக் என்ற பெயரில் விற்றார்கள். 4ஜி15 எஞ்சின், 1,468 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோல். ஹைலக்ஸ், டிரைட்டன் ஓட்டுகிறவர்கள் இதைப் பிக்கப் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள், ஆனால் தேங்காய் வியாபாரத்துக்கு இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியாது. தொட்டி தாழ்வாக இருக்கிறது, மூட்டை தூக்கிப் போட இடுப்பு வலிக்காது, ஜார்ஜ்டவுன் சந்துகளில் சுலபமாகத் திரும்பும், உதிரிப்பாகம் பெரும்பாலும் வீராவினுடையதே பொருந்தும், விலையும் கடிக்காது. 20 வயதைத் தொட்டுவிட்ட வண்டி, அதனால் வயதுக்கு உரிய தேய்மானம் எல்லாம் இருக்கும், அதற்காகத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொல்லை இதுதான். காலையில் பாகான் டாலாமிலிருந்து கிளம்பும்போது ஒழுங்காக ஓடும். மூட்டை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் போய், நடுவில் கப்பல் போவதற்காக உயர்த்திக் கட்டிய மேட்டில் நாலாவது கியரில் எண்ணெயை (ஆக்சிலரேட்டரை) அமுக்கினால் விக்க ஆரம்பிக்கும். டக், டக் என்று உலுக்கும், வேகம் ஏறாது, பின்னால் வருகிற லோரிக்காரர் ஹாரன் அடிப்பார். காலை எடுத்தால் சரியாகிவிடும். மழை நாளில் பாலம் வரைக்கும் போகவே வேண்டாம், வீட்டு முனையிலேயே ஆரம்பித்துவிடும். நல்ல வெயிலடிக்கிற வாரங்களில் ஒன்றுமே இருக்காது, வண்டிக்கு எதுவுமே இல்லையோ என்று தோன்றும். தைப்பூச நேரத்தில் ரதம் வருகிற வழியெங்கும் உடைப்பதற்கு எவ்வளவு தேங்காய் இறங்கும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரத்தில் வண்டி பாலத்தில் நின்றால் என் ஆண்டு வியாபாரமே ஆட்டம் கண்டுவிடும்.

இதற்கு முன் வேறு பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன், யார் எவர் என்பது இங்கே வேண்டாம். ஓரிடத்தில் பிளக் மாற்றினார்கள். ஓரிடத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற பாகம்) மூடியும், உள்ளே சுற்றுகிற ரோட்டாரும். இன்னோரிடத்தில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், அதுவும் போதாதென்று பெட்ரோல் பம்ப்பும் புதிதாக ஏறியது. மாற்றிய பாகங்கள் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தன, அதனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் மாற்றிக் கொடுத்த கையோடு வண்டி பறக்கும், அடுத்த மழைக்காலம் வந்தால் அதே விக்கல். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று பார்த்தவர்கள் அது ஏன் கெட்டது என்று பார்க்கவில்லை. என் வருத்தம் அதுதான், இந்தப் பட்டறையை நான் இவ்வளவு மெச்சுவதற்குக் காரணமும் அதுதான்.

போன் செய்தபோதே அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, ‘காலியா கொண்டு வராதே, சரக்கோடு வா.’ போனேன். பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். நின்றுகொண்டிருக்கும்போது உலுக்குகிறதா, ஓடும்போதா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? மழையில் கூடுதலா? உலுக்கல் ஒரே தாளத்தில் வருகிறதா, தாறுமாறாக வருகிறதா? புகை என்ன நிறம்? இதுவரைக்கும் எதை எதை மாற்றினாய், எதை மாற்றிய பிறகு அதிக நாள் நன்றாக ஓடியது?

ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். எழுதிக்கொண்டே விளக்கினார், அந்தப் பொறுமைக்கே தனியாக மதிப்பெண் போடலாம். ஒரு சிலிண்டர் எரியாமல் போவதற்குக் காரணம் நான்குதான்: பொறி இல்லை, பெட்ரோல் சரியாக இல்லை, காற்று சரியாக இல்லை, அழுத்தம் இல்லை. இந்த நான்கும் வெவ்வேறு நேரத்தில் முகத்தைக் காட்டும். இன்டேக் (காற்று உள்ளே போகிற) பக்கம் எங்காவது காற்று கசிந்தால் ஐட்லிங்கில்தான் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போதுதான்) மோசமாக இருக்கும், வேகம் பிடித்ததும் அடங்கிவிடும், ஏனென்றால் அப்போது எஞ்சின் இழுக்கிற மொத்தக் காற்றில் அந்தக் கசிவு சின்னப் பங்கு. வால்வு எரிந்து அழுத்தம் போயிருந்தால் நிற்கும்போது ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருக்கும், மழை வெயில் எல்லாம் அதற்குக் கணக்கில்லை. பெட்ரோல் போதாவிட்டால் பாரத்தில் வண்டி சோர்ந்து இழுவை குறையும், அப்படி வெட்டி வெட்டி உலுக்காது, அதுவும் மழை பார்த்து வராது. பாரத்திலும் வருகிறது, ஈரத்திலும் வருகிறது என்றால் சந்தேகம் பொறியின் மேல்தான் முதலில் விழும்.

பாரத்தில் ஏன் என்பதையும் சொன்னார். எண்ணெயை அமுக்கி ஏற்றத்தில் ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். ஐட்லிங்கில் தாண்டுவதைப்போல இரண்டு மடங்குகூட ஆகலாம். அவ்வளவு வோல்ட் ஏறும்போது வழியில் எங்காவது பலவீனமான இடம் இருந்தால் மின்சாரம் அங்கேயே குதித்து எஞ்சினின் இரும்புக்குள் இறங்கிவிடும், பிளக்குக்குப் போய்ச் சேராது. ஈரம் அந்தக் குதிப்பைச் சுலபமாக்கும். என் வண்டி ஏன் பாலத்து மேட்டில் மட்டும் விக்குகிறது, மழை நாளில் வீட்டு முனையிலேயே விக்குகிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலில் விளக்கம் கிடைத்தது அப்போதுதான்.

கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை மட்டும் அவர் நோட்டில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார். மூடியும் ரோட்டாரும் மாற்றிய பிறகுதான் வண்டி மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் நன்றாக ஓடியது.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பிறை ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். ஏற்றத்தில் வேண்டுமென்றே கியர் குறைக்காமல் அமுக்கினார், விக்கியது. ‘தாறுமாறா இல்லை, ஒரே சிலிண்டர்தான்’ என்றார். எனக்கு அந்த வித்தியாசம் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது.

திரும்பி வந்ததும்தான் பானெட் திறந்தது, அப்போதும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகவில்லை. முதலில் பேட்டரி. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில், இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்துக்கொண்டு பையனை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னார். 0.6 வோல்ட் காட்டியது. 0.2-க்கு மேல் போனாலே எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற இணைப்பு) சரியில்லை என்பது அவர் கணக்கு. எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற பின்னல் கம்பியைக் கழற்றிக் காட்டினார், போல்ட்டுக்குக் கீழே பச்சையாகப் பூத்துப்போய்க் கிடந்தது. கடற்கரை ஊரில் ஓடுகிற எந்தப் பழைய வண்டிக்கும் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். பொறி கிளம்புவது காயிலில் (பேட்டரி மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிற பாகம்) என்றாலும் அது திரும்பி வருவது இந்த எர்த் வழியாகத்தான். இதைச் சரிசெய்தால் மிஸ்ஃபயர் போய்விடுமா என்று கேட்டேன், போகாது, ஆனால் இது இப்படி இருக்கும்வரை வேறு எந்த அளவையும் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொன்னார்.

அடுத்தது ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் சாக்கெட்டாகக் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றும்போது எஞ்சின் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம், இறங்காவிட்டால் அதுதான் சோம்பேறி. நான்கிலும் இறங்கியது. நிறையப் பட்டறைகளில் ஓடுகிற எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கி இதைச் செய்வார்கள், நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் அதை விட மாட்டார். வயரைப் பிடுங்கினால் பொறி போக வழியில்லாமல் காயிலுக்குள்ளேயே வெடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும், இன்ஜெக்டரை நிறுத்தினால் இரண்டு தொல்லையும் இல்லை.

இன்டேக்கின் உறிஞ்சலை அளக்கிற வேக்கம் கேஜ் மாட்டினார். முள் 18 அங்குலத்தில் ஆடாமல் நின்றது. இன்டேக் ஓரமாகக் கார்ப் கிளீனர் பீய்ச்சிப் பார்த்தார், சத்தம் மாறவில்லை, அதாவது காற்றுக் கசிவு இல்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போதே நான்கு பிளக்கையும் கழற்றி, எண்ணெயை முழுக்க அமுக்கிப் பிடித்துக்கொண்டு கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) எடுத்தார், நான்கும் 170 பிஎஸ்ஐ-யை ஒட்டியே வந்தன. ‘உள்ளே ஒன்னும் இல்லை. ரிங்கு, வால்வு, ஹெட்டைக் கழட்டணும்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடு’ என்றார். அந்த ஒரு வரிக்கே நான் கொடுத்த 80 வெள்ளி தகும், ஏனென்றால் போன வருஷம் ஒரு பட்டறையில் ஹெட் வேலைக்கு என்று பெரிய தொகை ஒன்று சொல்லியிருந்தார்கள்.

கழற்றிய பிளக்குகளை ஒரு பழைய துணியில் வரிசையாக அடுக்கினார். ஒன்று, இரண்டு, நாலு எல்லாம் வெளிர் பழுப்பு, ஆரோக்கியமான நிறம். மூன்றாவது மட்டும் கரி படிந்து கறுப்பு.

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் மூன்றாவது பிளக்கைத்தான் மாற்றியிருப்பார்கள். இவர் மூன்றாவது பிளக்கை ஒன்றாவது சிலிண்டரில் போட்டு, ஒன்றாவதை மூன்றில் போட்டார். பிளக்கில் குறை என்றால் கரி ஒன்றாவதுக்குப் போகும், இல்லாவிட்டால் மூன்றிலேயே நிற்கும். மறுபடி பிறைப் பாலத்துக்கு ஒரு ஓட்டம். திரும்பி வந்து கழற்றினால் ஒன்றாவதில் போட்ட கறுப்புப் பிளக் வெளுக்க ஆரம்பித்திருந்தது, மூன்றில் போட்ட நல்ல பிளக்கில் கரி. பிளக்குக்குக் குறை இல்லை, மூன்றுக்குப் போகிற வழியில்தான் எங்கோ தகராறு.

நான் இன்றைக்கும் மறக்காதது அதற்கு அப்புறம் நடந்தது. பையன் ஷட்டரை இறக்கி விளக்கை அணைத்தான். அண்ணன் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து, ஓடுகிற எஞ்சினின் பிளக் வயர்கள் மேல் புகை மாதிரி மெல்லிசாகத் தெளித்தார். முதலில் ஒன்றும் இல்லை. மூன்றாவது வயரின் ரப்பர் தொப்பிப் பக்கம் தெளித்ததும் சட் சட் என்று ஒரு சத்தம், தொப்பிக்கும் பக்கத்தில் இருக்கிற இரும்புத் தாங்கிக்கும் நடுவில் நீலமாக ஒரு கோடு நெளிந்து நெளிந்து ஓடியது. எஞ்சின் அதே தாளத்தில் குலுங்கியது. பாலத்து மேட்டில் மட்டுமே பார்த்த அந்த விக்கல், நிற்கிற வண்டியில், என் கண்ணுக்கு முன்னால். (இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் கையை எஞ்சினில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள், அந்த மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்.)

விளக்கைப் போட்டு வயரைக் கழற்றி மீட்டரில் வைத்து மின்தடையை அளந்தார். மற்ற மூன்றும் ஏழு, எட்டு கிலோ ஓம். மூன்றாவதும் நேராகப் பிடித்தால் கிட்டத்தட்ட அதே அளவு காட்டியது. தொப்பிக்குப் பக்கத்தில் இலேசாக வளைத்தார், எண் தாவி மறைந்தது, தொடர்பே இல்லை. நிமிர்த்தினால் வந்தது. வெளித்தோல் பளபளவென்று புதுசு மாதிரி இருந்ததால்தான் இத்தனை பட்டறையிலும் யாரும் அதைத் தொடவில்லை. கத்தியால் கீறிக் காட்டினார், உள்ளே கார்பன் நூல் முனையில் கருகிப் பொடியாகக் கொட்டியது.

அப்புறம்தான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். உள்பக்கம், மூன்றாவது முனையிலிருந்து நடுவை நோக்கி, மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. கார்பன் டிராக் என்பது இதுதான். பொறி பிளாஸ்டிக் மேல் ஊர்ந்து ஊர்ந்து அதைக் கரித்துத் தனக்கு ஒரு பாதை போட்டுக்கொள்கிறது, பாதை விழுந்துவிட்டால் துடைத்தாலும் போகாது, மூடியையே மாற்ற வேண்டும். முந்திய பட்டறை மாற்றியதும் இதைத்தான், அவர்கள் பார்த்ததும் இதே கோட்டைத்தான். ‘வாய்க்கால் அடைச்சிருந்தா தண்ணி வரப்பை உடைக்கும் தம்பி. நீங்க வரப்பை மட்டும் கட்டிக்கிட்டே இருந்தீங்க’ என்றார். அறுந்த வயர் வழியாகப் போக முடியாத மின்சாரம் மூடிக்குள்ளேயே வேறு வழி தேடுகிறது, புது மூடி என்பதால் கொஞ்ச காலம் தாங்குகிறது, ஈரம் வந்ததும் கோடு விழுகிறது. மூடியைக் கொன்றது வயர். மூடி மாற்றிய பிறகு ஏன் அதிக நாள் நன்றாக ஓடியது, ஏன் திரும்ப வந்தது என்பது இப்போது புரிகிறது. அந்தப் பதிலுக்குத்தான் நோட்டில் இரண்டு கோடு.

அத்தோடு விடவில்லை. மூடிக்குள் இலேசாக ஆயில் பிசுபிசுப்பு இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் சீல் இறுகிப்போய் எஞ்சின் ஆயில் மெல்ல மெல்ல ஏறி உள்ளே வந்திருக்கிறது, ரோட்டார் தேய்ந்து விழுகிற பொடியோடு சேர்ந்து ஒரு கறுப்புப் பூச்சாகப் படிந்திருக்கிறது. அந்தப் பூச்சிலும் மின்சாரம் ஓடும். காற்றுப் போக்குக்கு என்று இருக்கிற சின்னத் துளையும் இதே பிசினால் அடைத்துக்கிடந்தது. உள்ளே பொறி பாயும்போது ஓசோன் உண்டாகிறது, வெளியே போக வழி இல்லாவிட்டால் ஈரத்தோடு சேர்ந்து முனைகளை அரிக்கும். வயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் ஒரு வருஷம் கழித்து நான் மறுபடி வந்து நின்றிருப்பேன் என்றார், நம்புகிறேன். சீலின் அளவை எடுத்துக்கொண்டு பையன் பக்கத்துச் சீல் கடைக்குப் போய் பொருத்தமானதை வாங்கி வந்தான், சில வெள்ளிதான்.

மாற்றியது: பிளக் வயர் ஒரு செட், மூடி, ரோட்டார், சீல், எர்த் கம்பி, நான்கு பிளக். காயிலை மாற்றலாமா என்று நானே கேட்டேன். அளந்து பார்த்தார், சூடேறிய பிறகும் அளந்தார், இது இன்னும் ஓடும், வேண்டாம் என்றார். காசு கொடுக்கத் தயாராக நிற்கிறவனிடம் வேண்டாம் என்று சொல்கிற பட்டறை எத்தனை இருக்கிறது? பார்த்த கூலி, வேலைக் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 350 வெள்ளிக்குள் முடிந்தது. வேலையை அவரிடமே கொடுத்தாலும் அந்த 80 வெள்ளியைக் கழிக்க மாட்டார், கேட்டுப் பார்த்தேன். அது நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். கழித்தால், எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு வந்துவிடும். இப்போது குறை ஒரு வயரில் இருந்தாலும் சரி, எஞ்சினில் இருந்தாலும் சரி, அவர் பார்த்ததற்கு உரிய காசு அவருக்குக் கிடைத்துவிடுகிறது, என்னிடம் உள்ளதைச் சொல்வதில் அவருக்கு நஷ்டம் இல்லை. கழற்றிய பழைய சாமான்களைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார், கீறிய அந்த வயர் உட்பட.

நான் அங்கே காத்திருந்தபோது இதைவிடப் புதிய பெட்ரோல் வண்டி ஒன்றும் அதே மிஸ்ஃபயரோடு வந்தது, ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ளது. அதற்கு வழி வேறு. ஸ்கேனர் மாட்டினால் எந்தச் சிலிண்டர் என்று கோடே (வண்டியின் கம்ப்யூட்டர் காட்டுகிற பிழை எண்) சொல்லிவிடும், பி0301 என்றால் ஒன்று, பி0302 என்றால் இரண்டு, பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை, மாறி மாறி வருகிறது. பி0302 வந்தது. உடனே புதுக் காயில் வாங்கச் சொல்லாமல், இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தார், கோடு பி0303 ஆனது, காயில்தான் என்று உறுதி. கோடு இரண்டிலேயே நின்றிருந்தால் காயில் வாங்கிய காசு வீண். இன்னொன்றும் அந்த வண்டிக்காரரிடம் சொன்னார், அது பலருக்கு உதவும்: மிஸ்ஃபயர் ஆகிற வண்டியில் எரியாத காற்று அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது, ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று சொல்லும், அதை நம்பிப் பம்ப்பும் இன்ஜெக்டரும் மாற்றுகிறவர்கள் உண்டு. சென்சார் பொய் சொல்வதில்லை, அது ஆக்சிஜனைத்தான் அளக்கிறது, பெட்ரோலை அளக்கவில்லை. எஞ்சின் விளக்கு மினுக் மினுக் என்று அடித்தால் பாரத்தோடு ஓட்டாதீர்கள் என்றும் சொன்னார், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே நாசமாக்கிவிடும், அதன் விலை நமக்குத் தெரியும்.

சரி, குறைகள். உட்கார இடம் இல்லை, ஒரு முக்காலி, அதிலும் அவர்தான் உட்கார்கிறார். மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே கொதிக்கும். வாட்ஸ்அப்புக்குப் பதில் வராது, போன் அடிக்க வேண்டும், அதையும் கையைத் துடைத்த பிறகுதான் எடுப்பார். வண்டியை ஒரு ராத்திரி அங்கேயே விடச் சொல்வார், குளிர்ந்த எஞ்சினைக் காலை ஈரத்தில் முதல் ஸ்டார்ட் கேட்க வேண்டுமாம். அவசரமாகச் சரக்கு இறக்க வேண்டியவர்களுக்கு இது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, மச்சானிடம் வேன் கேட்டு வாங்கி அன்றைய கடைகளுக்குப் போட்டேன். எப்போது முடியும் என்றால் முடியும்போது முடியும் என்பார். நாமே மலிவாக ஆன்லைனில் வாங்கிப்போன சாமானைத் தொட மாட்டார், அதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்வார், முதல் தடவை போகிறவர்களுக்கு முகம் சுருங்கும். பில் கையால் எழுதியது, என்ன மாற்றினார் என்பது இருக்கும், என்ன அளவு வந்தது என்பது இருக்காது. அந்தக் கம்ப்ரெஷன் எண்களை எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஒப்பிட உதவும், கேட்டால் எழுதிக் கொடுக்கிறார், கேட்க வேண்டும்.

வண்டி எப்படி ஓடுகிறது என்றால், பினாங்கில் மழை கொட்டுகிற செப்டம்பர், அக்டோபர் இரண்டையும் தாண்டிவிட்டது. பாலத்து மேட்டில் நாலாவது கியரிலேயே ஏறுகிறது. பாலிக் பூலாவுக்குச் சரக்கு போடும்போது துன் சார்டோன் சாலையின் வளைவுகளில், தூறலில், முழுப் பாரத்தோடு ஏறினேன், ஒரு விக்கல் இல்லை. பெட்ரோலும் முன்பைவிடக் கம்மியாகத்தான் குடிக்கிறது, நாலு சிலிண்டரும் எரிந்தால் குறையத்தானே வேண்டும். தைப்பூசச் சரக்கை இந்தத் தடவை தண்ணீர்மலைப் பக்கத்துப் பந்தல்களுக்கு இந்த வண்டியிலேயே இறக்கினேன்.

டீசல் பிக்கப் என்றால் இங்கே போக வேண்டாம், காமன் ரெயில் இன்ஜெக்டர் சோதிக்கிற கருவி தன்னிடம் இல்லை என்று அவரே திருப்பி அனுப்பிவிடுவார். பெட்ரோல் என்றால் காலையிலேயே போங்கள், சனிக்கிழமை அரை நாள்தான். வண்டியில் வழக்கமாக ஏற்றுகிற பாரம் இருக்கட்டும். இதுவரைக்கும் எதை எப்போது மாற்றினீர்கள் என்பதற்கு ரசீது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், பானெட்டைத் திறப்பதற்கு முன் அதைத்தான் கேட்பார்.